செம்மண் கட்டிய துவரை

ஆனி 3

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. நாங்கள் அவரிடம் உரமே வாங்குவதில்லை, ஆனாலும் கொடுத்தார். அச்சாகியிருக்கிற இங்கிலீஷ் தேதியை அடித்துவிட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன். காட்டு வேலைக்கு அதுதான் ஒத்து வருகிறது.

சித்திரை ஒன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாய்க்குப் போகிற எதையும் கடையில் வாங்குவதில்லை, உப்பைத் தவிர. இன்றோடு அறுபத்தைந்து நாள். இரண்டரை ஏக்கர் செம்மண் காடு, கோடையில் பாதி வற்றுகிற ஒரு கிணறு, ஏழு ஆடு, ஒரு மாடு. இதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் தின்ன முடியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் இந்தப் பிடிவாதம். இல்லாததை மாற்றிக்கொள்வோம். தட்டைப்பயறு கொடுத்துக் கருப்பட்டி வாங்கினால் அது கடைச் சரக்கு ஆகாது.

வாசல் தடத்தில் நானே தகரத்தில் எழுதி ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன். ‘கடைச் சரக்கு நுழையாத தோட்டம்.’ என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, “உப்பு எப்படி நுழைஞ்சுதாம்?” என்று கேட்டார். தண்டபாணி என்று பெயர் வைத்தவர்கள் கூடவே கொஞ்சம் வாயடக்கமும் வைத்திருக்கலாம்.

இந்த நோட்டில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். கேழ்வரகு போட்டு வைக்கிற பெரிய மண்பானை, அந்த மொடாவுக்குப் பின்னால் ஒரு டீத்தூள் பாக்கெட் இருக்கிறது. டீ இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடிக்கும். அவர் ஆடு ஓட்டிக்கொண்டு போன பிறகு ஒரு டம்ளர் வைத்துக் குடிக்கிறேன். அவருக்குத் தெரியாது.

ஆனி 8

துவரைக்குச் செம்மண் கட்டினேன். முந்தின நாள் ஊறப்போட்டதை வடித்து, கிணற்று மேட்டுச் செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் புரட்டி, அம்பாரமாக மூடி வைத்துவிட்டுக் காலையில் பாயில் பரப்பியாயிற்று. நாலு வெயில் காய்ந்தால் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைக்கலாம். தோல் தானாகக் கழன்றுகொள்ளும். கடைப் பருப்பில் இந்த வாசம் ஏழு பிறவிக்கும் வராது.

விதைத் துவரை தனி. அதற்குத் தண்ணீர் காட்டவே கூடாது. சாம்பல் புரட்டிச் சின்ன மொடாவில் போட்டு வாயைச் சாணியால் மெழுகி வைத்திருக்கிறேன். ஊறிக் காய்ந்த துவரையில் உயிர் இருக்காது, பருப்புக்குத்தான் ஆகும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விதை மொடாவில் இருப்பது இரண்டு படி. அதுவும் பக்கத்துக் காட்டு நாச்சக்காவுக்கு என்று வைத்தது. எங்கள் காட்டில் போன வருசம் துவரை போட்டோம், இந்த வருசம் கம்பு. நாச்சக்கா தை மாசமே சொல்லிவிட்டுப் போனாள். “உன்ற துவரை நல்ல மணியா இருக்குது அம்மிணி. ஆடிக்கு எனக்கு ரெண்டு படி வெச்சிரு. வேற எங்கயும் நான் கேக்கறதா இல்ல.”

ஆனி 10

திருப்பூரிலிருந்து மாடித்தோட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். ஐந்து பேர் என்றார்கள், வேனில் இறங்கியது பன்னிரண்டு பேர். போர்டுக்கு முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாடு போடுவதாக நான்தான் வாய் விட்டிருந்தேன். உடைத்த பருப்பு ஒரு கைப்பிடிதான் மிச்சம். செம்மண் கட்டியது இரண்டு வெயில்தான் காய்ந்திருக்கிறது, திருகையில் போட்டால் நசுங்கும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கடைவீதிக்குப் போயி ரெண்டு கிலோ பருப்பு வாங்கிட்டு வந்தர்றேன். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். வேண்டாம் என்றேன். போர்டு தொங்குகிற வாசலில் பருப்புப் பை நுழைவதா?

விதை மொடாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கழுவி முழுத் துவரையாகவே வேகவைத்துக் கடைந்தேன். ஆகா ஓகோ என்று சாப்பிட்டார்கள். மைதிலி என்று ஒருவர், பெரிய வேலையில் இருக்கிறவர் போல, கண் கலங்கிவிட்டார். கிளம்பும்போது மைதிலிதான், “மேடம், இந்த விதை கொஞ்சம் கிடைக்குமா?” என்று கேட்டார். ஒருத்தருக்குக் கொடுத்து இன்னொருத்தருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பழைய வேட்டியைக் கிழித்துப் பன்னிரண்டு முடிச்சு கட்டினேன்.

“அம்மா, உங்களைப் பார்த்து நாங்க கத்துக்கணும்” என்றார் மைதிலி.

ஆனி 11

விதை மொடாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனி 24

துவரை நன்றாகக் காய்ந்தது. சலித்துப் பாதியை உடைத்தேன். மீதியை அப்படியே பெரிய மொடாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாடு சினை பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முருங்கை இலை காய வைத்தேன். கிளுவை வேலியில் ஆடு நுழைகிற சந்தை அவர் முள் வைத்து அடைத்தார்.

நாச்சக்காவுக்கு வேறு எங்காவது விதை கேட்டு வைக்க வேண்டும். மூலனூர்ப் பக்கம் சொல்லிப் பார்க்கலாம். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆடி 2

மூலனூருக்குப் போகவில்லை. கேட்டால், “ஏனுங்க, உங்ககிட்ட இல்லாத விதையா?” என்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆடி 6

நேற்றுச் சாயங்காலம் மழை. உழவுக்குத் தாராளம். மண் ஒரு சாண் நனைந்திருக்கிறது. இந்தச் சீமையில் இப்படி ஒரு மழை ஆடியில் ஒரு தடவை வந்தால் பெரிது. இதை விட்டால் துவரைக்கு அடுத்த வருசம்தான்.

காலையில் பால் கறந்துகொண்டிருக்கும்போதே நாச்சக்கா வந்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகி, தலைக்கு எண்ணெய் வைத்து, விதைப்புக்கு என்று கிளம்பி வந்தவள். அவள் கைக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு. சுற்றுவட்டத்தில் யார் காட்டில் விதைப்பு என்றாலும் முதல் மூன்று கை நாச்சக்காதான் போட வேண்டும். கைராசிக்காரி. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவார்கள். வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிற அவள் வீட்டுக்காரரே, “ஊருக்குள்ள என்னைய நாச்சா புருசன்னு சொன்னாத்தான் தெரியும்” என்று சிரிப்பார்.

“டிராக்டர் சொல்லியாச்சு அம்மிணி. மொதல்ல உங்க கம்பு, பொறவு வேலிக்கு அந்தப் பக்கம் சரசு காட்டுக் கடலை, கடைசியா என்ற துவரை. விதையக் குடு, ஊட்டுல வெச்சுட்டு வந்தர்றேன்.”

இல்லை அக்கா, தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பன்னிரண்டு பேருக்கு முடிச்சுக் கட்டிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். உனக்கென்று வைத்ததை வேனில் வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

உள்ளே போய்ப் பெரிய மொடாவில் இருந்ததை இரண்டு படி அளந்தேன். மண் ஒட்டியிருந்ததை முறத்தில் தேய்த்துப் புடைத்தேன். அடுப்புச் சாம்பலையும் கொஞ்சம் புரட்டினேன். பூச்சி வராமல் இருக்கத்தான். பத்துக்கு நாலாவது முளைக்காதா என்று ஒரு நினைப்பு.

நாச்சக்கா மடியை ஏந்தினாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“பாத்துக்கக்கா” என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“உன்ற மொடாவுல எடுத்தத நான் எதுக்குப் பாக்கோணும்?” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆடி 7

எங்கள் காட்டில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி, நாச்சக்கா கிழக்கே பார்த்து நின்று மூன்று கை கம்பு வீசினாள். மீதியை அவர் வீசினார். பிறகு சரசு காடு. பிறகு அவள் காடு. டிராக்டர் சாலுக்குப் பின்னால் அவளே ஒவ்வொரு மணியாகப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை வேலியோரம் அவள் தலை தெரிந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை, எனக்கு ஆட்டு வேலை இருந்தது.

ஆடி 12

கம்பு முளைத்துவிட்டது. பச்சைப் பாய் விரித்த மாதிரி. அவர் வரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆடி 15

நாச்சக்கா காட்டு வழியாகப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மேற்கு ஓரம் ஏழு, நடுவில் மூன்று. அவ்வளவுதான். ஒரு ஏக்கரில் பத்துச் செடி. ஒரு இடத்தில் மண்ணை விரலால் கிளறினேன். துவரை ஊதி, தோல் வெடித்து, அழுகிக் கிடந்தது. மூடிவிட்டு வந்தேன்.

பனியன் கம்பெனியில் பதினாலு வருசம் செக்கிங் பார்த்தவள் நான். ஒரு தையல் தவறினால் ஸ்டிக்கர் ஒட்டித் தூர வீசுவேன். என் மேஜையைத் தாண்டி ஒரு பீஸ் டேமேஜ் போனதில்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறேன்.

ஆடி 18

பெருக்கு. மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி. எல்லோரும் இருந்தோம்.

சரசு காட்டுக் கடலையை மயில் கிளறித் தின்றுவிட்டது, பாதிக் காடு சொட்டை. மயிலைத் திட்டினால் முருகன் கோபித்துக்கொள்வான் என்று பயம், அதனால் நாச்சக்காவைப் பிடித்துக்கொண்டாள். “அவ காட்டுல ஒண்ணுமே மொளைக்கல. என்ற காட்டுல மொளச்சதும் நிக்கல. ரெண்டுலயும் அவ கை. என்னமோ ஆயிப்போச்சு அந்தக் கைக்கு” என்றாள்.

“எங்க கம்பு மொளச்சுதே” என்றேன். இவ்வளவு சொன்னதே பெரிய தைரியம் என்று அந்த நேரம் தோன்றியது.

“உங்க காட்டுக்கு யாரு போட்டா என்னங்க, நீங்க கடைச் சோறு திங்காத ஆளு. மண்ணுக்கு அது தெரியுமுங்க.”

நாலு பேர் தலையாட்டினார்கள். அன்று காலையிலும் நான் டீ குடித்திருந்தேன்.

திரும்பி வரும்போது நாச்சக்கா என்னோடு நடந்தாள். கிளுவங்காட்டு முக்கு வந்தது. அங்கே நின்று வலது கையை விரித்துக் காட்டினாள்.

“அம்மிணி, உன்ற துவரை தங்கம். அது எனக்குத் தெரியும். போன வருசம் உங்க காட்டுல பாத்தனே. அப்ப என்ற கைதான? சரசு சொல்றது மெய்யா?”

மழை பத்தலை போலக்கா, என்றேன். என்னுடைய காட்டில் அதே மழையில் கம்பு சாண் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நான் அவளிடம் மழையைச் சொன்னேன்.

ஆடி 29

கம்புக்குக் களை எடுத்தோம். மூன்று பேர் வந்தார்கள். நாச்சக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

ஆவணி 9

மைதிலி போட்டோ அனுப்பியிருக்கிறார். மாடியில் வரிசையாகப் பெயின்ட் வாளிகள், ஒவ்வொன்றிலும் துவரைச் செடி முழங்கை உயரம். ‘நீங்கள் கொடுத்த விதையில் ஒன்றுகூடத் தப்பவில்லை அம்மா. உங்கள் கை ஆசீர்வாதம்.’ கீழே கும்பிடுகிற கை நாலு.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

ஆவணி 22

எழுத ஒன்றும் இல்லை. அவரைக்குப் பந்தல் போட்டோம்.

புரட்டாசி 2

மறுபடியும் நல்ல மழை. கொள்ளு விதைக்கிற பருவம். கடலை போன சொட்டையில் சரசு கொள்ளு போடுகிறாள்.

வெற்றிலை பாக்கு மஞ்சளோடு என் வாசலில் வந்து நின்றாள். முதல் கை நான் போட வேண்டுமாம். “நாச்சக்காளச் சொல்லலாமே” என்றேன். “அவளக் கூப்புட்டு ரெண்டாந்தடவையும் மண்ணாப் போகோணுங்களா? நீங்க வாங்க. உங்க கை சுத்தமான கை” என்றாள்.

போனேன். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், உண்மையைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை. எல்லோரும் பார்க்கக் கூடையில் கை விட்டு மூன்று கை கொள்ளு வீசினேன். அந்த நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சக்கா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு ஆடுகளைத் திருப்பி ஓட்டினாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இடத்தில் நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்கிற மாதிரி அல்லவா அவள் போனாள்? வீட்டுக்கு வந்து வெற்றிலையை மாட்டுக்குப் போட்டேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

புரட்டாசி 3

அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், டீத்தூள் உட்பட.

கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. “விதை மொடா கவுந்து கெடந்தப்பவே எனக்குத் தெரியும். அப்புறம் நாச்சக்கா மடியில ரெண்டு படி போச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?”

“அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?”

கயிறைக் கீழே வைத்தார். “கேட்டா நானும் போயிச் சொல்லோணுமே புள்ள. எனக்கும் வெக்கமா இருந்துச்சு.” கயிறை மறுபடியும் எடுத்துக்கொண்டு, “டீ வாசம் தெனமும் வருது. இனிமே எனக்கும் ஒரு டம்ளர் வெய்யி” என்றார்.

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்தக் கையைக் கெடுத்திருக்கிறோம்.

புரட்டாசி 4

உடைத்த துவரம்பருப்பு முழுவதையும், ஒரு மொடா நிறைய, தலையில் வைத்துக்கொண்டு நாச்சக்கா வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். “என்ன அம்மிணி, சுமையோட?” என்றாள்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். விதையைக் கடைந்து, வேனில் வந்தவர்களுக்குப் போட்டது, முடிச்சுக் கட்டியது, செம்மண் கட்டிய துவரையில் மண்ணைத் தேய்த்துச் சாம்பல் புரட்டிக் கொடுத்தது. சாம்பலைக் கடைசியில்தான் சொன்னேன். பூச்சிக்காக இல்லை அக்கா, உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் புரட்டினேன் என்றேன். இந்த நோட்டிலேயே நான் அதை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நாச்சக்கா சாய்த்த குடத்தை நிமிர்த்தவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“துவரை போனாப் போகுது” என்றாள் கடைசியில். “ஒரு வருசம் ரசம் வெச்சுத் தின்னுக்குவேன். ரெண்டு மாசமா இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுனேன் தெரியுமா அம்மிணி? என்ற மகளுக்குத் தலை பின்னி விடறதில்ல. மாட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கறதில்ல. பக்கத்தூட்டுக் கொழந்தையத் தூக்கல. நம்ம கை பட்டு அதுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னான்னு.”

துவரையைத்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“நீ போ அம்மிணி. எனக்கு இப்ப உன்னையப் பாக்க முடியல.”

பருப்பு மொடாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளவும் இல்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

புரட்டாசி 6

சரசு வாசலில் ஏழெட்டுப் பேர் ஆமணக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாச்சக்கா கையில் ஒரு குற்றமும் இல்லை, நான் கொடுத்தது செத்த விதை, சாம்பல் புரட்டி மறைத்துத் தெரிந்தே கொடுத்தேன்.

சரசு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவளுக்காக எப்படிப் பழியத் தூக்கித் தன்ற தலையில போட்டுக்கறாங்க பாருங்க! உங்களாட்ட மனசு யாருக்குங்க வரும்?”

“இல்ல சரசு, நெசமாலுமே...”

“அட, விடுங்க. சாம்பல் பொரட்டிக் குடுக்கற ஆளா நீங்க?”

ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எவ்வளவு சொல்லுகிறேனோ அவ்வளவுக்கு என் பெயர் ஏறுகிறது. கடைச் சரக்கு வேண்டாம் என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டு அந்தப் பெயரை நானே வளர்த்திருக்கிறேன். இப்போது அதைக் கீழே தள்ளக்கூட என்னால் முடியவில்லை.

வரும்போது போர்டைக் கழற்றினேன். துருப்பிடித்த ஆணி கையைக் கிழித்தது.

புரட்டாசி 7

மைதிலிக்குப் போன் போட்டேன். கொடுத்த துவரையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கை இருக்கிறதாம். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “நாங்க அன்னைக்குச் சாப்பிட்டது அவங்க விதையா?” என்றார். ஆமாம் என்றேன். “பஸ்ல கொடுத்து விடுறேன்” என்றார். இந்தத் தடவை மேடமும் இல்லை, அம்மாவும் இல்லை.

புரட்டாசி 12

தடத்தை ஒட்டி, ஊரே நடந்து போகிற இடத்தில், இரண்டு பாத்தி கட்டினோம். ஒன்றில் பஸ்ஸில் வந்த துவரை, ஒன்றில் பெரிய மொடாவின் அடியில் கிடந்த செம்மண் துவரை. சரசுவையும் ஆமணக்கு உடைத்தவர்களையும் கூப்பிட்டேன். நாச்சக்காவை அவர் போய்க் கூப்பிட்டார். வந்தாள், தள்ளி நின்றாள்.

“ரெண்டையும் நாச்சக்காளே போடட்டும். ஒரே கை போட்டாத்தான் கணக்கு” என்றார் அவர்.

“வேண்டாமுங்க. அந்தத் துவரைய இனி அந்தக் கை தொட வேண்டாம். அத நான் போடறேன்.”

“நீ போட்டு மொளைக்கலீன்னா உன்ற கையச் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்” என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு நாச்சக்காவிடம் முடிச்சை நீட்டினார். அவள் கை முதலில் நீளவில்லை. பிறகு நீண்டது. குனிந்து ஒவ்வொரு மணியாக, வேலை தெரிந்த கைகள் போடுகிற மாதிரி, அளவு பிசகாமல் போட்டாள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எதிர்ப் பாத்தியில் நான் போட்டேன்.

புரட்டாசி 19

நாச்சக்காவின் பாத்தியில் எல்லாம் வந்துவிட்டது. இரட்டை இலை, மண்ணைத் தலையில் சுமந்தபடி. என் பாத்தி வெறும் மண்.

புரட்டாசி 23

வெறும் மண்.

தடத்தில் போகிற எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். சரசு இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் போட்ட கொள்ளு முளைத்திருக்கிறது, ஆனால் மயில் அதையும் விடவில்லை. “விதையோ, கையோ, யாரு கண்டா?” என்றாள். இப்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். முன்னே ‘உங்க கை’ என்றவள், வெறுமனே ‘கை’ என்றாள். சாயங்காலமே நாச்சக்கா வீட்டுக்கு வெற்றிலை பாக்கு போனதாக அவர் வந்து சொன்னார்.

இதைத்தானே வேண்டிக்கொண்டேன், சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். சந்தோசம்தான். ஆனால் சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது ஒருத்தி தன் விதைக் கூடையை நான் கடக்கிற வரை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அது இப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாசம் இதை நாச்சக்கா தின்றிருக்கிறாள், ஒரு தப்பும் செய்யாமல்.

ஐப்பசி 3

கம்பு அறுத்த இடத்தில் இன்று கொள்ளு விதைப்பு. கடையில் பருப்பு வாங்கிச் சாம்பார் வைத்தேன், விதைப்புக்கு வருகிறவர்களுக்கு. எங்கள் துவரை மொடா காலி. பையைக் கையில் பிடித்துக்கொண்டு தடம் வழியாகத்தான் நடந்து வந்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டதற்கு நாச்சக்கா வந்தாள். எனக்கு அது எதிர்பாராதது. பந்தல் அவரையைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டாள். என்னிடம், “தண்ணி ஒரு சொம்பு குடு” என்றாள். அம்மிணி என்று சொல்லவில்லை. குடித்துவிட்டுச் சொம்பைத் திண்டில் வைத்தாள்.

பிள்ளையார் பிடித்தாயிற்று. கொள்ளுக் கூடையை நான் அவள் முன்னால் நீட்டினேன். நல்ல விதை. மூன்று வீட்டில் கேட்டு மாற்றி வாங்கி, அதில் ஒரு பிடியை ஈரத் துணியில் போட்டு முளை பார்த்து வைத்தது. அவள் கிழக்கே திரும்பிக் கூடைக்குள் கை விட்டாள்.

விட்ட கையை அப்படியே வீசவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். பெருவிரலால் தேய்த்து, விரலில் ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்த்தாள். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து, உடைந்ததை உள்ளே பார்த்தாள். என் மொடாவில் எடுத்ததை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். இனிமேல் நான் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் பார்ப்பாள், அவள் இருக்கிற வரைக்கும், நான் இருக்கிற வரைக்கும்.

அவள் பார்த்து முடிக்கிற வரை கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாக இருந்தது போலிருக்கிறது. வீசினாள்.